சவுக்குக் கட்டையில் பதினைந்து கிட்டார்கள்

போன மாதம் இணையத்தில் ஒருவர் எங்கள் கிட்டார் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். 'மிக அரிய இந்தியத் தயாரிப்பு, கம்பெனி இப்போது இல்லை' என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே யாரோ, 'இவர்கள் யார்? என்ன ஆனார்கள்?' என்று கேட்டிருந்தார். முதலாளி வெளிநாடு போய்விட்டார் என்று ஒருவர் பதில் சொல்லியிருந்தார். பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. முதலாளி எங்கும் போகவில்லை. படூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள்.

அரிய தயாரிப்பு என்றது மட்டும் உண்மை. மொத்தமே பதினைந்து எலக்ட்ரிக் கிட்டார்கள் செய்தோம். இரண்டேகால் வருடம் இருந்தோம். நாங்கள் என்றால் இரண்டே பேர்தான். கிட்டாரின் தலைப்பக்கம் சூடு வைத்த சின்ன முத்திரை ஒன்று இருக்கும், அதில் எங்கள் பெயர். அந்தப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் தேடுவீர்கள், தேடினால் மேலே சொன்ன வம்புதான் கிடைக்கும்.

சிறுசேரியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அதையே செய்கிறேன். அதனால்தான் எனக்கு நண்பர்கள் இல்லை என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஆனால் உண்மை அப்படியொன்றும் சுவாரசியமானதில்லை. கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் ஊர் ஊராக, தேசம் தேசமாகப் போய்விட்டார்கள். அப்பா இறந்தபின் அம்மா கோயம்புத்தூரில் என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கல்யாணம் அமையவில்லை. ஒரு வயதுக்கு மேல் அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள், அந்தமட்டில் நிம்மதி. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கினால் திங்கட்கிழமை காலை வரை நான் வாய் திறந்து பேசுவது வாட்ச்மேனிடமும் பார்சல் கொண்டுவருகிறவரிடமும்தான். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

கல்லூரியில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று என்னிடம் இருந்தது. ஒருநாள் அதன் பிக்கப் செத்துப்போனது. கம்பிகளுக்குக் கீழே செவ்வகமாக இருக்குமே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி எட்டாயிரம் சுற்றும் இருக்கும். மேலே கிட்டார்க் கம்பி அதிர்வதைக் கேட்டு ஒலிபெருக்கிக்குச் சொல்வது அதுதான். கடையில் புதிது வாங்கியிருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு முழு சனி, ஞாயிறு கிடந்தது. அம்மா விட்டுப்போன தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி, நானே சுற்றிப் பார்த்தேன். சுற்றை எண்ணுவதற்கு ஒரு கால்குலேட்டரைப் பிரித்து, சமக்குறிப் பொத்தானில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்தேன். சக்கரம் ஒருமுறை சுற்றினால் கால்குலேட்டர் ஒன்று கூட்டும். நாலு தடவை கம்பி அறுந்தது. ஐந்தாவது தடவை எட்டாயிரத்தைத் தொட்டு, பூட்டி, வாசித்தபோது பழையதைவிட நன்றாக இருந்தது. அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த வாரம் சமையலறை அலமாரிக் கதவைச் சரிசெய்யக் கார்ப்பெண்டர் ஒருவர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கேளம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர். இந்தப் பக்கத்துப் புது ஃபிளாட்களில் பாதிச் சமையலறைகள் அவர் கைவேலைதான். கதவை மாட்டிவிட்டு, சோபாவில் கிடந்த கிட்டாரைக் காட்டி, "எடுத்துப் பாக்கலாமா மேடம்?" என்றார். எடுத்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தோரமாகப் பார்த்தார்.

"கழுத்து வளைஞ்சி கீது மேடம். இத்த வெச்சிகினு எப்டி வாசிக்கிறீங்க?"

பிறகு வாசித்தார். அவருடைய சபையில் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிட்டார் வாசிக்கிறவர் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார். பிக்கப்பை நான் சுற்றினேன் என்றதும் கிட்டாரைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி வாசித்து, "நீங்களா? கையாலயா?" என்று மூன்று தடவை கேட்டார். என் பதினெட்டு வருட உத்தியோகத்தில் யாரும் என்னிடம் அப்படி மூன்று தடவை எதையும் கேட்டதில்லை. அலமாரிக் கதவு அன்றைக்கே மறுபடி தொங்கிவிட்டது, அது வேறு விஷயம்.

இப்படித்தான் ஆரம்பித்தோம். கட்டை வேலை அவருக்கு. கம்பி வேலையும் வாங்குகிறவர்களோடு பேசுவதும் எனக்கு. வடநெம்மேலி தாண்டி, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், மூடிக்கிடந்த இறால் குஞ்சு வளர்க்கும் கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. தொட்டிகளை எடுத்துவிட்டிருந்தார்கள், வாடை மட்டும் போகவில்லை. பகலில் அவர் ஃபிளாட் வேலைக்குப் போவார், நான் சிறுசேரிக்கு. மாலை ஆறரைக்கு நான் ஸ்கூட்டரில் கோவளம் வழியாக வந்து சேரும்போது அவர் விளக்கைப் போட்டு, கெட்டிலில் டீ வைத்திருப்பார். மூன்றாம் மாதம் நான் அவருக்கு மேடத்திலிருந்து அக்கா ஆனேன். அவர் மனைவி சில நாள் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொடுத்தனுப்புவார். நெத்திலிக் குழம்பு இருந்தால் அன்றைக்கு நாங்கள் வேலை அதிகம் செய்ததில்லை.

கிட்டாரின் கழுத்துக்கு மேலே ஒரு மெல்லிய பலகை ஒட்டியிருக்கும். ஃபிங்கர்போர்டு என்பார்கள், விரல் வைத்து அழுத்துவது அதன்மேல்தான். குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதித்திருக்கும், அவை பிரெட். அந்தப் பலகை கெட்டியான மரமாக இருக்க வேண்டும். ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், வாங்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொட்டகைக்கு வெளியே, போன புயலில் விழுந்து கிடந்த பழைய சவுக்கு மரங்களைக் காட்டினார். சாரத்துக்குக் கட்டுகிற ஒல்லிக் கம்புகள் இல்லை, ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன்.

"சவுக்கா? அது விறகாச்சே" என்றேன்.

"எல்லாரும் அப்டிதாங்க்கா சொல்வாங்க. எங்கம்மா இந்தத் தோப்புங்கள்ல கூலிக்கு வெட்டி, தலைல சொமந்து லாரில ஏத்துனாங்க. அவங்களோட பொறந்தவங்களும் அதான். அடுத்தவன் தோப்பு, அடுத்தவன் லாரி. இந்தக் கட்டை எப்டி இருக்கும்னு எங்க கைக்குத் தெரியும். இழைச்சிப் பாத்தா ரத்தக் கலர்ல மின்னும். ஒருத்தனும் இழைச்சிப் பாத்ததில்ல, அதான் வெறகாயிட்ச்சி."

இழைத்துக் காட்டினார். அவர் சொன்னபடியே இருந்தது. ஈட்டிப் பேச்சை அதோடு விட்டேன்.

பச்சை மரத்தைக் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பலகையாக அறுத்துக் கொட்டகைக்குள் அடுக்கினோம். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. வாராவாரம் எடை போட வேண்டும், நீர் வற்ற வற்ற எடை குறையும், குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். மளிகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வைத்து, எடைகளைக் கோடு போட்டு வரைந்துகொண்டு வந்தேன். எட்டாம் மாதம் கோடு படுத்துவிட்டது. ஐந்து வாரம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. "காய்ந்துவிட்டது, ஆரம்பிக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். என் உத்தியோகத்தை வைத்து அவர் அதை நம்பினார்.

மரம் காயவில்லை. அந்தக் கரையில் இருக்கிற உப்பு ஈரக்காற்றில் எவ்வளவு காய முடியுமோ அவ்வளவு காய்ந்து, அதோடு நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் கடல், கொடியில் போட்ட துண்டு மறுநாளும் ஈரம், அங்கே எடை குறையாமல் நிற்பதற்கு வேறு அர்த்தம். எங்கள் கிட்டாரை வாங்கியவர்களோ எல்லோரும் என்னைப்போல ஐடி ஆட்கள். பகல் முழுக்க ஏசி, இரவு படுக்கையறையிலும் ஏசி. அந்த வறண்ட காற்றில் போய் உட்கார்ந்த பிறகுதான் சவுக்கு நிஜமாகவே காய ஆரம்பித்தது, காயக் காயச் சுருங்கியது. இதில் சிரிப்பு என்னவென்றால், பொருளைச் சோதிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருக்கிற நான், அந்தப் பலகையில் ஒரு துண்டைப் பையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் மூன்று வாரத்தில் தெரிந்திருக்கும். ஆபீஸ் வேறு, கொட்டகை வேறு என்று அவ்வளவு கறாராகப் பிரித்து வைத்திருந்தேன்.

முதல் கிட்டார் போய் ஆறேழு மாதம் ஒரு குறையும் வரவில்லை. நாங்கள் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அந்தச் சிவப்புப் பலகையைத்தான் தொட்டார்கள். என்ன மரம் என்று கேட்டால், அவர் வேண்டுமென்றே கொஞ்சம் காக்கவைத்துவிட்டு, "சவுக்கு" என்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில் இருக்கும்போது, முதலாவதை வாங்கியவர் படம் அனுப்பினார். பலகை சுருங்கியதில் பிரெட் கம்பிகளின் முனைகள் இரண்டு பக்கமும் மீன்முள்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவருடைய உள்ளங்கையோரம் நீளமாகக் கீறியிருந்தது. 'இது இப்படித்தான் இருக்குமா?' என்று நாகரிகமாகக் கேட்டிருந்தார்.

அன்று மாலை கொட்டகைக்குப் போனபோது அவர் புதிதாக ஒரு கழுத்தை இழைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் டீயை ஊற்றினார். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயைக் குடித்தேன்.

நாளைக்கும் சொல்லவில்லை. வாங்கியவரிடம், உங்கள் ஏசிதான் காரணம், கிட்டாரைக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்று எழுதினேன். சனிக்கிழமை அவரிடமிருந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை, என் கூட்டாளி சபையில் இருக்கும் நேரத்தில், கொட்டகையைத் திறந்து நானே உட்கார்ந்து முனைகளை அரத்தால் தேய்த்தேன். தூளைக் கூட்டி வெளியே கொட்டினேன். பதினொன்றரைக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது, அதற்கடுத்த மாதம் மூன்று. ஒன்றில் பலகையே மெல்லிசாக விரிசல் விட்டிருந்தது, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். ஒன்பது மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. அவர் ஒருநாள் அரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னாக்கா, புது அரம் அதுக்குள்ள தேஞ்சிட்ச்சி?" என்றார். பழகிப் பார்த்தேன் என்றேன். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எனக்கு நானே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் மனது நோகும், அம்மா சுமந்த கட்டை என்று பெருமையாக இருக்கிறார், கூடிய சீக்கிரம் நானே ஒரு வழி கண்டுபிடித்துவிடுவேன். எல்லாம் சால்ஜாப்பு. இது தெரிந்தால் அவர் வேலையை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் எனக்கு மாலை ஆறரைக்குப் போக இடம் இருக்காது. அவ்வளவுதான் விஷயம். விளக்கு போட்டு, டீ வைத்து, ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அரத்தைத் தேய்த்தேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய சபை புதிதாக ஹால் கட்டியது. கூரைக்கொட்டகையில் தொடங்கிய சபை அது, இப்போது கான்கிரீட், டைல்ஸ், நாலு ஏசி. அதன் திறப்புக்குக் காணிக்கையாக ஒரு கிட்டார் செய்யப் போவதாகச் சொன்னார். எங்கள் பதினைந்தாவது. ஏசி என்ற சொல் காதில் விழுந்ததுமே கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன்.

"இதுக்கு மட்டும் ஈட்டிப் பலகை போடலாமே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாக்கா இப்டிச் சொல்றீங்க? ஊருக்கெல்லாம் சவுக்கு, கர்த்தருக்கு மட்டும் வேறயா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிடத் தோதான நேரம் வராது. நான் பிக்கப்புக்குக் கம்பி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

திறப்பு நாளில் அவர் அந்தக் கிட்டாரைச் சபை முன்னால் தூக்கிக் காட்டி, கட்டையின் கதையைச் சொன்னாராம். அவர் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். அம்மாவோடு தோப்பில் வேலை செய்தவர்கள் பலபேர் அந்த ஹாலில் இருந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்களாம். மறுநாள் டீ ஆறிப்போகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலமாக ஒரு மாலையை நான் கழித்ததில்லை.

ஐந்து மாதம் தாங்கியது. ஒரு ஞாயிறு, ஆராதனை நடுவில், பாட்டின் நடுவில், பலகை நீளவாக்கில் பட்டென்று வெடித்தது. பிரெட் கம்பிகள் எழும்பிக்கொண்டு ஒலிபெருக்கி முழுக்கக் கரகரத்தது. பாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கீபோர்டுக்காரர் ஒப்பேற்றினார். வெளியே வந்தபோது ஒருவர், "வெறகு வெடிக்காம இன்னா பண்ணும்?" என்று சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார்.

இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், மறுநாள் மாலை. நான் போனபோது கொட்டகையில் விளக்கு எரிந்தது. டீ இல்லை. மேசையில் வெடித்த கிட்டார் கிடந்தது, பக்கத்தில் வாங்கியவர்களின் போன் நம்பர் எழுதிய நோட்டு.

"இன்னிக்கி வேலைக்குப் போவலக்கா. எல்லாருக்கும் போன் போட்டுகினு இருந்தேன். நம்ம கட்டை வெடிக்குது, எட்த்துகினு வாங்க, மாத்தித் தர்றோம்னு சொல்லலாம்னு." நோட்டை மூடினார். "மொத ஆளு சொல்றாரு, மேடம் ஏற்கெனவே ரெண்டு வாட்டி சரி பண்ணிக் குட்த்தாங்களேன்னு. ரெண்டாவது ஆளும் அத்தயே சொல்றாரு. எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒன்பது மாசமா."

"சபைக்குச் செய்யும்போது?"

"தெரியும்."

வெடித்த பலகையை அவர் விரலால் ஒருமுறை தடவினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கட்டை வெடிக்கிறது ஒரு மேட்டரே இல்ல. கட்டைன்னா வளையும், வெடிக்கும், எங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் குந்திகினு இன்னா பண்ணலாம்னு பாத்திருப்போம். வருசம் ஆனாலும் பாத்திருப்போம். அதான வேலயே? நான் அங்க அத்தினி பேர் முன்னாடி இது எங்கம்மா சொமந்த கட்டைன்னு சொல்லிகினு நிக்கிறேன். நீங்க இங்க அரத்த வெச்சிகினு தேய்ச்சிகினு இருந்துகீறீங்க. ஏன்?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"எம் மனச நான் பாத்துக்க மாட்டனா மேடம்?"

தன்னுடைய இழைப்புளிகளையும் உளிகளையும் மட்டும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்திருப்போம், வருஷம் ஆனாலும் பார்த்திருப்போம் என்று அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ, உண்மையைச் சொல்லியிருந்தால் அது என்னிடமே இருந்திருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினான்கு பேருக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். ஒன்பது பேர் கிட்டாரைத் திருப்பி அனுப்பினார்கள், ரிப்பேர் செய்கிற வேறு ஒருவரிடம் கொடுத்து ஈட்டிப் பலகை மாற்றி அனுப்பினேன். மற்றவர்கள் பரவாயில்லை, இருக்கட்டும் என்றார்கள். கொட்டகையைக் காலி செய்தேன். அவர் போன் எடுக்கவில்லை. நாலு தடவைக்கு மேல் நானும் போடவில்லை. அலமாரிக் கதவு மறுபடி தொங்கியபோது நானே திருப்புளியால் முடுக்கினேன், இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. ஆறரை மணிக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நாள் ஸ்கூட்டரை எடுத்துக் கோவளம் வரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். உப்பளங்கள் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வரும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எங்கோ போய்ச் சேர வேண்டியவர்களாகத் தெரிவார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, எங்கள் குடியிருப்பு லிஃப்டில் அவரைப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் யாரோ சமையலறை மாற்றுகிறார்கள். கையில் பிளைவுட் துண்டு.

"நல்லா கீறீங்களா மேடம்?" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வாடிக்கையாளரைப் பார்க்கிற முகம்.

சபைக் கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நல்லா ஓடுது. புதுப் பலகை போட்டேன்" என்றார். ஈட்டியா என்றேன். "சவுக்குதான். பலகைய ஏசி ஹால்லயே போட்டு வெச்சேன், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி. எட்டு மாசம். சுருங்கறதெல்லாம் சுருங்கட்டும்னு வுட்டுட்டு அப்பறம் இழைச்சேன். இப்ப அசையமாட்டேங்குது."

அவ்வளவுதான். இருக்கப் போகிற காற்றிலேயே காயவைக்க வேண்டும், அவ்வளவு சின்ன விஷயம். என் ஃபிளாட்டில் ஒரு படுக்கையறை, ஏசியோடு, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. நூறு பலகை அடுக்கியிருக்கலாம். மூன்றாவது மாடி வந்துவிட்டது.

"அதைக் கேட்க வரலாமா?" என்றேன், கதவு மூடுவதற்குள்.

"ஞாயித்துக்கெழம ஒம்போது மணி. யார் வேணா வரலாம் மேடம்."

போனேன். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. ஹாலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. மேடையில் அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார், சிவப்புப் பலகை பளபளத்தது. கிட்டார் அருமையாகப் பேசியது. சரி, கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம், எனக்குத் தெரியாது: புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், யார் மூலமா வந்தீங்க?" என்றார். மைக்கை வரிசை வரிசையாகக் கை மாற்றி என்னிடம் கொண்டுவந்துவிட்டார்கள். நூறு முகங்கள் திரும்பின. மேடையில் அவர் திரும்பாமல் சுதி கூட்டிக்கொண்டிருந்தார்.

சும்மா வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். "இந்தக் கிட்டார் செஞ்சவரோட நான் வேலை பார்த்தேன்" என்றேன். குரல் ஸ்பீக்கரில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "முன்னாடி ஒருதடவை இது இங்க வெடிச்சுது. அது அவர் தப்பு இல்லை, மரத்தோட தப்பும் இல்லை. காய்ஞ்சிடுச்சுன்னு கணக்குப் போட்டவ நான்தான். வெடிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும், அவர்கிட்ட மறைச்சிட்டேன். அவங்க அம்மா இங்க இருந்தா, அவங்களும் தெரிஞ்சுக்கணும்."

பாஸ்டர், "ஸ்தோத்திரம்" என்றார், பலர் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஆராதனை முடிகிறவரை தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். இரண்டு கையிலும் மடக்கிய நாற்காலிகள்.

"அவங்ககிட்டல்லாம் சொல்லிட்டீங்க" என்றார். குரல் தணிவாகத்தான் இருந்தது. "எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்க. வாங்குனவங்க பதினாலு பேருக்கும் லெட்டர் போட்டீங்களாம், அதுவும் கேள்விப்பட்டேன். எங்கிட்டதான் இன்னி வரைக்கும் ஒண்ணும் சொல்லல."

நான் வாயைத் திறந்தேன். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், நாற்காலிகளோடு போய்விட்டார். காத்திருந்திருக்கலாம். திரும்பி வந்திருப்பார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு படூருக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் போய்விட்டன. மன்னித்துவிடுங்கள் என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதற்குப் பதிலாக உட்கார்ந்து இவ்வளவையும் எழுதி, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லி முடித்திருக்கிறேன்.